மஸ்டாங்கை வாங்கறீங்களா, நம்பரை வாங்கறீங்களா?

போன மாசம் எங்க அப்பாவோட பழைய ஸ்கூட்டரை வித்துடலாம்னு முடிவு பண்ணோம். பார்க்க வந்தவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கூட பார்க்கல. சட்டைப் பையில இருந்து பேப்பரும் பென்சிலும் எடுத்தார். சேசிஸ் நம்பர் மேல பேப்பரை வெச்சு தேய்ச்சார், அப்புறம் என்ஜின் நம்பர் மேல. ரெண்டையும் ஆர்.சி. புக்கோட ஒப்பிட்டுப் பார்த்தார். சேசிஸ் சரி. என்ஜின் நம்பர் வேற. எப்பவோ ஒரு மெக்கானிக் என்ஜினையே மாத்தியிருக்கார், அப்பாவுக்கே அது ஞாபகம் இல்ல. வந்தவர் பேப்பரை மடிச்சுக்கிட்டே சொன்னார்: "வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது இந்த வண்டி இல்லையே."

"இது இந்த வண்டி இல்லையே." ரெண்டு நாள் அந்த வாக்கியம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. ஏன்னா அந்த நேரத்துல நான் படிச்சிட்டு இருந்தது பழைய அமெரிக்கக் கார் சந்தையைப் பத்தி. அங்க ஒவ்வொரு வருஷமும் கோடிக்கணக்கான டாலர் கை மாறுவது கிட்டத்தட்ட இந்த ஒரே கேள்வியை வெச்சுத்தான்: இது அந்த வண்டியா, இல்லையா?

ஒரு உதாரணம். 2020 ஜனவரி, ஃப்ளோரிடா மாநிலம் கிஸிமியில் மீக்கம் ஏலம். மேடைக்கு வந்தது 1968 ஃபோர்டு மஸ்டாங். பெயின்ட் மங்கி இருக்கு, துரு இருக்கு, சீட் பழசு. யாரும் அதை ரீஸ்டோர் பண்ணல. 34 லட்சம் டாலருக்கு சுத்தியல் விழுந்தது. ஏலக் கட்டணமும் சேர்த்தா 37.4 லட்சம் டாலர். அதே 1968 மஸ்டாங், அதே மாடல், பளபளன்னு புதுசு மாதிரி பண்ணி வெச்சது, இதுல ஒரு சின்னப் பங்கு விலைக்குக் கிடைக்கும். அந்தத் துருப்பிடிச்ச வண்டிக்கு ஏன் இந்த விலை? கடைசியில அந்த வண்டிக்கு வரேன். அதுக்கு முன்னாடி மஸ்டாங் எப்படிப்பட்ட கார்னு புரியணும்.

முதல்ல, அது அபூர்வமான கார் இல்ல. 1964 ஏப்ரல் 17 அன்னிக்கு நியூயார்க் உலகக் கண்காட்சியில ஃபோர்டு அதை அறிமுகப்படுத்தினப்போ ஆரம்ப விலை 2,368 டாலர். புதுசா வேலைக்குச் சேர்ந்த பையனும் பொண்ணும் வாங்கக்கூடிய விலை, அதுதான் திட்டமே. முதல் நாளே 22,000 ஆர்டர். முதல் ஒரு வருஷத்துல நாலு லட்சத்துக்கும் மேல வித்தது. ரெண்டு வருஷத்துக்குள்ள பத்து லட்சம் வண்டி. இவ்வளவு அதிகமா தயாரான ஒரு பொருள் எப்படி 'சேகரிக்கும் பொருள்' ஆச்சு?

பாதி பதில், உதிரி பாகம். பழைய கார்ல ஆசை வர்றது ஈஸி. உடைஞ்ச ஒரு ஹேண்டிலுக்கு மாற்று தேடறதுலதான் ஆசை தீரும். அமெரிக்காவுல அந்தத் தேடலுக்குன்னே ஒரு உலகம் உருவாச்சு.

பழைய இரும்புக்கடைகள்ல, அதாவது ஜங்க்யார்டுகள்ல, ஒரு தடிமனான புத்தகம் இருக்கும். ஹாலண்டர் இன்டர்சேஞ்ச். 1934-லிருந்து வருது. ஒரு வண்டியோட எந்த பாகம் வேற எந்தெந்த வண்டிக்குப் பொருந்தும்னு பக்கம் பக்கமா அட்டவணை. நம்ம பாஷையில சொன்னா பேப்பர்ல அச்சடிச்ச லுக்கப் டேபிள். கவுன்ட்டர்ல இருக்கறவர் அதைப் புரட்டி, "உங்க வண்டியோட கியர்பாக்ஸ் என்கிட்ட இல்ல, ஆனா அந்த மூலையில கிடக்கற வேற வண்டியில இருக்கறது பொருந்தும்"னு சொல்லிடுவார். எனக்கு இந்தப் புத்தகத்து மேல ஒரு மரியாதையே வந்திருச்சு. கம்பெனிக்காரன் எழுதாத டாக்குமென்டேஷனை வெளியில இருக்கறவன் எழுதினான்.

அடுத்தது, ஹெம்மிங்ஸ் மோட்டார் நியூஸ். 1954-ல ஆரம்பிச்ச பத்திரிகை. கட்டுரையை விட வரி விளம்பரம்தான் அதோட உயிர்: இது வேணும், இது இருக்கு. அப்புறம் பென்சில்வேனியாவுல ஹெர்ஷி, சாக்லேட் ஊர். 1955-லிருந்து வருஷா வருஷம் இலையுதிர் காலத்துல அங்க பழைய கார் மன்றத்துக்காரங்க கூடுறாங்க. ஏக்கர் கணக்குல மைதானம், ஆயிரக்கணக்குல கடை. மேஜை மேல ஒரே ஒரு கார்புரேட்டரை வெச்சு உக்காந்திருக்கறவரும் உண்டு.

இந்தச் சந்தையில தங்கம்னா அது 'என்.ஓ.எஸ்.' பாகம். அந்தக் காலத்துல கம்பெனியே தயாரிச்சு, டீலர் அலமாரியில விக்காமலே தூங்கின பாகம். பெட்டி பிரிக்காம இருந்தா இன்னும் உசத்தி. ஃபோர்டு பாக எண்ணைப் படிக்கத் தெரிஞ்சா இந்தத் தேடல் பாதி ஈஸி. 'சி5இசட்இசட்'ன்னு ஒரு எண் ஆரம்பிச்சா, சி என்பது 1960கள், 5 என்பது அந்தப் பத்தாண்டுல அஞ்சாவது வருஷம், அடுத்த இசட் என்பது மஸ்டாங். ஆக 1965 மஸ்டாங்குக்காக உருவான பாகம். இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு ராத்திரி நான் படத்துல தெரியற பாகத்தையெல்லாம் ஜூம் பண்ணிப் படிச்சிட்டு இருந்தேன். வேலைக்குப் போற மனுஷன் பண்ற காரியம் இல்ல.

சரி, அலமாரியில இருந்ததெல்லாம் தீர்ந்தா? மறு தயாரிப்பு. பத்து லட்சம் வண்டி ஓடின சந்தைன்னா அதுக்கு ரப்பர் பீடிங் செய்றவன், சீட் கவர் தைக்கறவன், ஃபெண்டர் அழுத்தறவன் எல்லாரும் வருவான். 2011-ல இது உச்சத்துக்கே போச்சு. 1964-66 மஸ்டாங் கன்வெர்ட்டிபிளோட முழு பாடி ஷெல்லையே, ஃபோர்டோட உரிமத்தோட, டைனாகார்ன் என்ற நிறுவனம் புதுசா இரும்புல செஞ்சு கொடுக்க ஆரம்பிச்சது. விலை சுமார் 15,000 டாலர். ஷெல்லை ஆர்டர் பண்ணு, கேட்டலாக்ல இருந்து மிச்சத்தை ஆர்டர் பண்ணு. கராஜ்ல ஒரு 1965 மஸ்டாங் பிறக்கும், 1965-ஐ பார்க்காமலே.

இங்கதான் கதை திரும்புது. எந்த பாகத்தையும் புதுசா வாங்கலாம்னு ஆனதும், பாகத்தோட மதிப்பு இறங்கிடுச்சு. புதுசா வாங்க முடியாத ஒரே ஒரு விஷயத்து மேல மொத்த மதிப்பும் போய் உக்காந்தது. அந்த விஷயம் நம்பர்.

வின் நம்பர், அதாவது வாகன அடையாள எண். இப்போ உலகம் முழுக்க நாம பார்க்கற 17 இலக்க வடிவம் அமெரிக்காவுல கட்டாயமானது 1981 மாடல்கள்ல இருந்து. அதுல ஒன்பதாவது இடம் ஒரு செக் டிஜிட். மத்த இலக்கங்களை எடை போட்டுப் பெருக்கி, கூட்டி, 11-ஆல வகுத்தா வர்ற மீதி அங்க இருக்கணும். தப்பா டைப் பண்ணா உடனே மாட்டிக்கும். 1981-க்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனிக்கும் அவங்கவங்க வடிவம், செக் டிஜிட்டும் கிடையாது. அப்போ போலியா ஒரு நம்பரை அடிச்சா, நம்பரே உங்களைக் காட்டிக் கொடுக்காது. ஒப்பிட ஒரு பதிவேடு வேணும்.

ஏலத்துல பார்த்தோமே, அந்த மஸ்டாங்கோட நம்பர் இது: 8ஆர்02எஸ்125559. பிரிச்சுப் படிப்போம். 8 என்பது 1968. ஆர் என்பது கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை. 02 என்பது ஃபாஸ்ட்பேக் பாடி. எஸ் என்பது 390 கன அங்குல என்ஜின். மிச்சம் வரிசை எண். என்ஜின் எதுன்னு நம்பர்லயே எழுதின நல்ல மனசு ஃபோர்டுக்கு இருந்தது. எல்லாருக்கும் இல்ல. பாண்டியாக் ஜி.டி.ஓ.-வை எடுத்துக்கங்க. மஸில் கார் காலத்தை ஆரம்பிச்சு வெச்சதா பலரும் சொல்ற வண்டி. 1964, 65-ல அது தனி மாடல் இல்ல, கூடுதல் காசு கட்டினா கிடைக்கற ஒரு ஆப்ஷன். அதனால அந்த ரெண்டு வருஷ வின் நம்பரை மட்டும் பார்த்து அது ஜி.டி.ஓ.-வா, சாதாரண லெமான்ஸா தெரியாது. பேட்ஜை மாட்டி, என்ஜினை மாத்தினா யாருக்குத் தெரியும்?

பாண்டியாக் விஷயத்துல தெரிஞ்சிடும், ஏன்னா அவங்களோட பில் பதிவுகள் தப்பிச்சிடுச்சு. நம்பரைக் கொடுத்தா அந்த வண்டி என்னென்ன ஆப்ஷனோட போச்சுன்னு பழைய பதிவை எடுத்துத் தர ஒரு சேவையே இருக்கு. ஃபோர்டுக்கு 1967-லிருந்து உற்பத்தித் தரவு இருக்கு. அதை உரிமத்தோட வெச்சிருக்கறவர் கெவின் மார்ட்டி. அவர் தர்ற 'மார்ட்டி ரிப்போர்ட்' இல்லாம விலை பேச உக்காந்தா சிரிப்பாங்க. ஆனா 1964-66 மஸ்டாங்குக்கு அது கிடையாது. அதே ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்துல ஷெவர்லே இருக்கே, அமெரிக்காவுல வித்த வண்டிகளுக்கு அப்படி ஒரு முழுப் பதிவேடு மிஞ்சல. கனடாவுல வித்த ஷெவர்லேன்னா கனடா அலுவலகப் பதிவு இருக்கு. ஒரே கார், எல்லைக்கு அந்தப் பக்கம் வித்திருந்தா பிறப்புச் சான்றிதழ் உண்டு. கிரைஸ்லர் வண்டிகள்ல இன்னும் விசேஷம்: தொழிலாளிங்க அசெம்பிளி லைன்ல உபயோகிச்ச பில்ட் ஷீட் காகிதம் சில சமயம் சீட் ஸ்ப்ரிங்குக்கு நடுவுல மாட்டிக்கிட்டிருக்கும். அம்பது வருஷம் கழிச்சு சீட்டைப் பிரிக்கறவனுக்கு அது லாட்டரி.

யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு எந்த ஆபீஸ்ல எவர் எந்த ஃபைலைத் தூக்கிப் போட்டார், எவர் மைக்ரோஃபிலிம்ல வெச்சார்ங்கறதுதான் இன்னிக்கு ஒரு வண்டியோட விலையை முடிவு பண்ணுது. லாக் ஃபைலை அழிக்கறதுக்கு முன்னாடி நான் இப்போல்லாம் ரெண்டு தடவை யோசிக்கிறேன்.

நம்பர் பாடியில மட்டும் இல்ல. 1960களின் கடைசியில, திருட்டைத் தடுக்க, என்ஜின்லயும் கியர்பாக்ஸ்லயும் வின்னோட கடைசிப் பகுதியை அடிக்க ஆரம்பிச்சாங்க. திருடனுக்காக அடிச்ச நம்பர் பின்னாடி சேகரிப்பவனோட வேதம் ஆச்சு. 'மேட்சிங் நம்பர்ஸ்'ங்கற வார்த்தை அங்கிருந்துதான். பாடி, என்ஜின், கியர்பாக்ஸ் மூணும் ஒரே நம்பர் சொன்னா விலை ஒண்ணு; ஒரு மெக்கானிக் நல்ல எண்ணத்துல என்ஜினை மாத்தியிருந்தா விலை வேற. எங்க அப்பா ஸ்கூட்டர் நினைவுக்கு வருதா?

பணம் இருக்கற இடத்துல போலி வரும். என்ஜின்ல பழைய நம்பரைத் தேய்ச்சுட்டு புது நம்பரை அடிக்கறதுக்குப் பேர் ரீஸ்டாம்பிங். அதைப் பிடிக்க ஒரு அழகான வழி இருக்கு. ஷெவர்லே பிளாக்கோட மேல்பரப்பைத் தொழிற்சாலையில சீவும்போது மெல்லிய இணைகோடுகள் விழும், ப்ரோச் மார்க்ஸ்னு பேர். நம்பர் அந்தக் கோடுகளுக்கு மேல அடிச்சிருக்கணும். கோடே இல்லாம வழவழன்னு இருந்தா யாரோ தேய்ச்சிருக்காங்க. அதனால இப்போ போலி அடிக்கறவங்க கோடுகளையும் போலியா போடறாங்க. இதுக்கு முடிவே கிடையாது. வார்ப்புல இருக்கற தேதிக் குறியீட்டையும் பார்க்கணும்: மார்ச்ல கட்டின வண்டியில மே மாசம் வார்த்த என்ஜின் இருக்க முடியாதே. கண்ணாடியில, ஆல்டர்னேட்டர்ல கூட தேதி இருக்கு.

நம்பரை மட்டுமே பார்த்து வாங்கறவனையும் இந்த உலகம் சும்மா விடாது. 1960கள் மஸ்டாங்ல விண்ட்ஷீல்டுக்குக் கீழ காத்து உள்ள வர்ற கவுல்னு ஒரு பகுதி. ரெண்டு தகட்டை ஸ்பாட் வெல்ட் பண்ணி மூடின பெட்டி. மழைத் தண்ணியும் இலைதழையும் உள்ள போய், உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது. விஷயம் தெரிஞ்சவங்க வாங்கறதுக்கு முன்னாடி அந்த ஜன்னி மேல ஒரு குடம் தண்ணியை ஊத்திட்டு, டேஷ்போர்டுக்குக் கீழ தலையை விட்டுப் பார்ப்பாங்க. கார்பெட் நனைஞ்சா, வெல்டை ஒவ்வொண்ணா டிரில் பண்ணிப் பிரிக்கற வேலை காத்திருக்குன்னு அர்த்தம். என்ஜினை விட துருதான் பர்ஸைக் காலி பண்ணும். ஹேகர்ட்டி மாதிரி விலைப் பட்டியல்கள் வண்டியோட நிலையை ஒண்ணுலிருந்து நாலு வரைக்கும் தரம் பிரிக்குது, ஒண்ணுதான் உச்சம். நாலை வாங்கி ரெண்டா மாத்த ஆகற செலவு, பல சமயம் ரெண்டையே வாங்கற விலையைத் தாண்டிடும். அனுபவசாலிங்க அதனாலதான் அடுத்தவன் காசு போட்டு முடிச்ச வண்டியை வாங்குன்னு சொல்றாங்க.

இப்போ என்னைத் தூங்க விடாத ஒரு வழக்கு. கான்சஸ் மாநிலத்துக்காரர் ஒருத்தர் 1959 ஷெவர்லே கார்வெட் ஒண்ணை இன்டியானாவுல 50,000 டாலர் கொடுத்து வாங்கறார். அழகா ரீஸ்டோர் பண்ணின வண்டி. 2017-ல சொந்த மாநிலத்துல பதிவு பண்ணப் போறார். சோதிச்ச அதிகாரி வின் தகட்டைப் பார்க்கறார். ரீஸ்டோர் பண்ணும்போது அதைக் கழட்டி, திரும்ப மாட்டியிருக்காங்க. ரிவெட் அசல் இல்ல. அவ்வளவுதான், வண்டி பறிமுதல். திருட்டு வண்டின்னு யாரும் சொல்லல. வாங்கினவர் தப்பு பண்ணல. ஆனா அப்போதைய மாநிலச் சட்டப்படி, வின் தகட்டைக் கழட்டி மாட்டின வண்டி கடத்தல் பொருளுக்குச் சமம், நொறுக்கித்தான் ஆகணும். வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சார். வண்டி அரசாங்கக் கொட்டடியில கிடந்தது. 2022-ல சட்டமன்றம் பழைய ரீஸ்டோர் செஞ்ச வண்டிகளுக்கு விலக்கு கொடுத்து சட்டத்தையே மாத்துச்சு. 2023-ல வண்டி கைக்கு வந்தது.

சட்டத்தோட பக்கமும் எனக்குப் புரியுது. வின் தகட்டைக் கழட்டி மாட்டலாம்னு விட்டா, திருட்டு வண்டிக்குச் செத்த வண்டியோட தகட்டை மாட்டி ஓட்டுவான். ஆனா பெயின்ட் அடிக்க தகட்டைக் கழட்டினவனையும் திருடனையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாத சட்டம், என்னைப் பொறுத்தவரை, மோசமா எழுதின கோடு.

சரி, 125559-க்கு வருவோம். 1968-ல வந்த 'புல்லிட்' படம். ஸ்டீவ் மெக்வீன் சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகள்ல பத்து நிமிஷத்துக்கும் மேல ஒரு பச்சை மஸ்டாங்ல துரத்துவார். படத்துக்கு ரெண்டு மஸ்டாங், அடுத்தடுத்த நம்பர். 125558 குதிக்க, இடிக்க. 125559 முக்கியமான காட்சிகளுக்கு. 558 அடி வாங்கி நொறுங்கி, பழைய இரும்பாப் போச்சுன்னே எல்லாரும் நினைச்சாங்க. பல வருஷம் கழிச்சுப் பார்த்தா மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியாவுல கிடைக்குது, என்ஜின் இல்லாத வெறும் கூடு. வாங்கினவங்க அதை 'கான் இன் 60 செகண்ட்ஸ்' படத்துல வர்ற எலனார் மஸ்டாங் மாதிரி மாத்தலாம்னுதான் வாங்கினாங்க. ஒரு நிஜ சினிமா கார், இன்னொரு சினிமா காரோட நகலா மாற இருந்தது. நம்பரைத் தேடிப் பார்த்ததும் வேலையை நிறுத்தினாங்க. கெவின் மார்ட்டி போய்ப் பார்த்து உறுதி பண்ணினார்.

559 வேற பாதையில போச்சு. ரெண்டு கை மாறி, 1974-ல நியூ ஜெர்ஸியில ஒரு குடும்பம் விளம்பரம் பார்த்து 6,000 டாலருக்கு வாங்குச்சு. அது அந்த வீட்டம்மா தினமும் ஓட்டின வண்டி. 1977 டிசம்பர்ல ஸ்டீவ் மெக்வீன்கிட்ட இருந்தே டைப் அடிச்ச ஒரு கடிதம் வருது: அந்த வண்டி எனக்குத் திரும்ப வேணும், பதிலுக்கு வேற மஸ்டாங் பார்த்துத் தரேன், ஆனா விலை ரொம்ப அதிகம்னா வேண்டாம்னு. குடும்பம் தரல. 1980-ல கிளட்ச் போச்சு, வண்டியை நிறுத்திட்டாங்க. அதே வருஷம் மெக்வீன் இறந்தார். வண்டி கராஜ்ல கிட்டத்தட்ட நாப்பது வருஷம் நின்னுச்சு, 2018 ஜனவரியில டெட்ராய்ட் கார் கண்காட்சிக்கு வர்ற வரைக்கும்.

ரீஸ்டோர் பண்ணியிருந்தா, படப்பிடிப்புக்காக அடியில வெல்ட் பண்ணின கேமரா மவுன்ட்டுகளைச் சுத்தமா அறுத்துத் தூக்கியிருப்பாங்க. யாரும் தொடாததால அதெல்லாம் அப்படியே இருந்தது. 2020-ல ஏல மேடைக்கு வந்தப்போ வண்டியோட கூடவே ஆவணக் கட்டு ஒண்ணும் போச்சு. விலை அதிகம்னா வேண்டாம்னு மெக்வீன் எழுதின அந்தக் கடிதமும் அதுல இருந்தது.